சாப்பிட்டு முடித்த தட்டு

பாபுவுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். கடிதம் என்றால் முதல் வரியில் இப்படி எழுத வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். அதை நீ நம்பும்படி சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நீ பத்து "சரிம்மா" சொல்லிவிடுவாய், பின்னால் யாரோ உன் மீட்டிங் தொடங்கிவிட்டது என்பார்கள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதத்தில் அந்த வம்பு இல்லை. இந்த முதியோர் இல்லத்தில் இருக்கிற மற்றவர்களின் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும் என்று சித்ராவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இதைப் படம் எடுத்து அந்த வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். நீதான் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறிவிட்டாயே, அதனால் உனக்கு மட்டும் தபாலில் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். ஆடி மாதத்து முதல் ஞாயிறு. சாதாரணமாக நீயும் உமாவும் சாயங்காலம் காபி நேரத்துக்குத்தான் வருவீர்கள், கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருக்கும், அரைமணி நேரம் என் கட்டிலில் உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைக்கு அம்பத்தூரில் ஏதோ கோயிலுக்குப் போன வழியில் மதியமே வந்துவிட்டீர்கள். நாங்கள் சாப்பாட்டு ஹாலில் இருந்தோம். நீ என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாய். வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவ்வளவுதான், இந்த இல்லத்தை நடத்துகிற சித்ராவைக் கூப்பிட்டாய், சமையல் எத்திராஜைக் கூப்பிட்டாய், ஹாலில் இருந்த அத்தனை பேரும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தினமும் போட்டோவுல கல்யாண விருந்து மாதிரி காட்டுறீங்க. எங்கம்மா பாதி ஆளா இருக்காங்க. அந்தச் சாப்பாடெல்லாம் யாரு வயித்துக்குப் போகுது?" என்று கேட்டாய். எத்திராஜுக்கு அது பொறுக்கவில்லை. தான் பெரிய பெரிய கல்யாணங்களுக்குச் சமைத்தவன் என்றும், திருட்டுப் பட்டம் கட்டினால் ஒரு நிமிஷம் இங்கே நிற்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டு, இடுப்புத் துண்டை உதறி மேஜைமேல் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனான். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் என்னை ஐயப்பன்தாங்கலில் உன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிவிட்டு நீயும் போனாய். ஆடியில் வீடு மாறக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அந்தப் பாடம் இப்படி எனக்கே உதவும் என்று நினைக்கவில்லை, ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது. நீ கத்திக்கொண்டிருந்தபோது அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உமா கேட்டாளாம். வாயில் பீன்ஸ் இருந்தது. அதை மென்று முடிப்பதற்குள் நீங்கள் கார் ஏறிவிட்டீர்கள்.

நான் உன் வீட்டுக்கு வரப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணத்தை ஆற அமரச் சொல்கிறேன். உமாவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் அலுவலகம் போகிற அவசரத்திலும் எனக்கென்று தனியாக வெண்டைக்காயைக் காரமில்லாமல் வதக்கி, சாதம், குழம்பு, பொரியல் என்று ஒவ்வொன்றையும் ஹாட்பேக்கில் மூடிவைத்துவிட்டுத்தான் போவாள். நீங்கள் இருவரும் போனதும் அந்த பிளாட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். பதினொன்றாவது மாடியில் காற்றுகூட மூடிய ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கும். மதியம் ஹாட்பேக்கைத் திறப்பேன், ஆவி முகத்தில் அடிக்கும், நல்ல வாசனையாகத்தான் இருக்கும், ஆனால் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றாது. ஆபீஸிலிருந்து போன் செய்து சாப்பிட்டாச்சா என்று கேட்பாய், ஆச்சு என்பேன். பல நாள் ஒரு தம்ளர் மோரோடு முடிந்துபோயிருக்கும். வயதானவர்களுக்குப் பசி வயிற்றிலிருந்து மட்டும் வருவதில்லை பாபு. எதிரே ஒருவர் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்குகிற சத்தத்திலிருந்தும் வருகிறது. இங்கே வருகிறேன் என்று நானாகக் கேட்டபோது உனக்கு அவ்வளவு வருத்தம். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நீ ஒரு வாரம் தூங்கவில்லை என்று உமா சொன்னாள். சொந்தக்காரர்கள் யாரும் மத்தியானம் வந்து என் எதிரே உட்காரப் போவதில்லை என்பதால் நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நான் சர்வீஸ் பூராவும் கேண்டீனில் சாப்பிட்டவள். ஆவடி குவார்ட்டர்ஸில் நாம் இருந்த காலத்தில் உன் அப்பாவும் நானும் வேறு வேறு பேக்டரி, ஆனால் மதியச் சங்கு ஊதினால் இரண்டு பேரும் நீள பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், அவர் அங்கே, நான் இங்கே. தர்மபுரிக்காரி ஒருத்தி, நாகர்கோவில்காரி ஒருத்தி, ஆற்காட்டுப் பக்கத்துக்காரி ஒருத்தி, நம் விருதுநகர் ஆள் நான், அவரவர் ஊர் ஊறுகாயைக் கொண்டுவந்து சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டு முடிப்போம். கேண்டீன் சாம்பார் ஒன்றும் அமிர்தம் இல்லை. ஆனாலும் ஒரு பருக்கை மிஞ்சாது. இந்த இல்லத்தைப் பார்க்க வந்த அன்றைக்கு, கொரட்டூர் ஏரிக்கரைக் காற்று வருகிற அந்தச் சாப்பாட்டு ஹாலில் நீள மேஜை போட்டிருந்ததைப் பார்த்ததும் மற்றதை எல்லாம் பார்க்காமலேயே சரி என்றேன். அறை சிறியது, குளியலறைக் கதவு சரியாக மூடாது என்று நீ சொன்னாய். மேஜை நன்றாக இருக்கிறது என்றேன். நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய்.

இப்போது போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். அதை ஆரம்பித்தது சித்ரா இல்லை, நீங்கள்தான், பிள்ளைகள். அப்பா அம்மா என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று யாரோ கேட்க, அவளும் நல்ல மனதோடு ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு தட்டில் எல்லாவற்றையும் வைத்து, ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் அதைக் கொண்டுபோய் வைத்து, ஒரு படம். உடனே குரூப்பில் பூங்கொத்தும் கைதட்டலும் கொட்டும். நீதான் முதல் ஆள், "செம", "சூப்பர் எத்திராஜ்" என்று போடுவாய். துபாயில் இருக்கிற ஒரு மகள் ப்ரோக்கோலி சேர்க்கலாமே என்றாள். பெங்களூர் பையன் ஒருவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கலர் வேண்டும் என்றான். எத்திராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண காண்ட்ராக்டில் சமைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் பேரைச் சொல்லி யாரும் பாராட்டியதில்லை, இங்கே வெளிநாட்டிலிருந்தெல்லாம் பாராட்டு வருகிறது. அவன் வேலை எல்லாம் அந்த ஒரு தட்டின் மேலேயே போனது.

போட்டோவில் ரசம் தெரியாது பாபு. பழுப்பாக ஒரு கிண்ணத்தில் கிடக்கும், அவ்வளவுதான். அதனால் முதலில் ரசம் தட்டின் ஓரத்துக்குப் போனது, அப்புறம் வாரத்தில் சில நாள் காணாமலே போனது. எவர்சில்வர் தம்ளரில் மோர் வெள்ளையாக இருந்தால் யார் கண்ணில் படும், அதுவும் குறைந்தது. கடைந்த கீரை கறுத்துத் தெரியும், கூட்டு சேறு மாதிரித் தெரியும், இரண்டும் நின்றுவிட்டன. பீன்ஸ் குழைய வெந்தால் பச்சை நிறம் போய்விடும் என்று அரைவேக்காட்டில் இறக்கினான். சாதம் உதிரி உதிரியாக முத்து மாதிரி இருந்தது. பார்க்க அப்படி ஒரு அழகு. ஆனால் எங்களில் பாதிப் பேருக்குப் பல் சொந்தப் பல் இல்லை, எச்சில் ஊறுவது குறைந்து தொண்டை எந்நேரமும் காய்ந்து கிடக்கும், உதிரிச் சாதம் உள்ளே இறங்காமல் நெஞ்சில் நிற்கும். அதை இறக்கிவிடுகிற ரசத்தையும் மோரையும்தான் போட்டோ துரத்திவிட்டதே. எதிரில் உட்காருகிற ஜோசப் சார், ஆவடியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர், பீன்ஸை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவார். நட்டு போல்ட்டு பிரித்து வைப்பது போலத்தான் இருக்கும். நாங்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்ல ஒரு தயக்கம். உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்காமல் இருப்பதற்காக நாங்கள் மெலிந்துகொண்டிருந்தோம், வேறொன்றும் இல்லை. யாரும் எதையும் திருடவில்லை.

நீ போன அன்றைக்குச் சாயங்காலம் சித்ரா அழுதே விட்டாள். சமைக்க ஆள் இல்லை, ஓட்டலில் இட்லி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் எத்திராஜின் வண்டிச் சத்தம். மேனாம்பேட்டிலிருந்து வந்திருந்தான். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பெரிய குண்டான், வெள்ளைத் துணி கட்டிய வாய். அன்றைக்கு அவன் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியிருக்கிறார்கள்.

"கோச்சிகினு போனது நெசந்தாம்மா. ஊட்டுல போயி குந்துனா சோறு எறங்கல. இங்க எல்லாம் பட்டினியா கீறாங்கன்னு நெனப்பு. ஆத்தாளுக்கு ஊத்துன கூழு, ஆளுக்கு ஒரு சொம்பு குடிங்க," என்றான் என்னிடம். உன் முகத்துக்குப் பயந்தோ என்னவோ, நீ போய்விட்டாயா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

கேழ்வரகுக் கூழ், நொய் போட்டுக் காய்ச்சி மோர் கரைத்தது. தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும், விருப்பப்பட்டவர்களுக்கு ஒரு பொட்டலத்தில் கருவாட்டுக் குழம்பும். ஹாலே மணத்தது. சித்ரா பழக்கத்தில் போனை எடுத்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். என் அம்மாவுக்குக் கூழா ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுவிடுவீர்களே அவளை. ஜோசப் சார் கருவாட்டுக் குழம்பைக் கண்டதும் சிறு பிள்ளை ஆகிவிட்டார். கோயில் கூழாயிற்றே, உங்களுக்குச் சரிதானா என்று யாரோ கேட்டதற்கு, "ஆத்தாளும் கோவிச்சுக்க மாட்டா, எங்க மாதாவும் கோவிச்சுக்க மாட்டா, நீ ஊத்துய்யா," என்றார். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார். நானும் வாங்கிக்கொண்டேன். எப்போதும் பாதியில் எழுந்துபோகிற ஓரத்து மேஜை அம்மா சொம்பின் அடியை விரலால் வழித்தார். குண்டான் காலியானது. பல மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்த ஹாலில் ஏப்பச் சத்தம் கேட்டேன் என்று எழுதினால் நீ முகத்தைச் சுளிப்பாய், ஆனால் அதுதான் நடந்தது.

அப்போதுதான் எனக்குப் பழைய வேலைப் புத்தி வந்தது. பேக்டரியில் நான் செக்கர். மெஷினிலிருந்து வருகிற சட்டைகளைத் தேய்த்து மடித்து மேஜையில் வைப்பார்கள். மேலே பார்த்தால் எல்லாம் நல்ல சட்டைதான். நான் அதைப் பார்க்கவே மாட்டேன், கையை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுவேன். தையல் யோக்கியதை அங்கேதான் தெரியும். மடித்த மடிப்பைக் கலைக்கிறாள் என்று என்மேல் எத்தனை பேருக்குக் கோபம். அந்தக் கண்ணால் இத்தனை சட்டைகளைப் பார்த்தவள், தினமும் என் எதிரில் மடித்து வைத்த தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன் பார். சித்ராவைக் கூப்பிட்டேன்.

"இப்ப எடு போட்டோ. சாப்பிட்டு முடிச்சதை எடு. இனிமே தினமும் அதைத்தான் அனுப்பணும்," என்றேன்.

சித்ரா தயங்கினாள். எத்திராஜ் நிஜமாகவே அதிர்ந்துபோனான். "எச்சித் தட்ட போயி போட்டோ புடிப்பாங்களாம்மா? பாக்கறவங்க இன்னா சொல்வாங்கோ?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. நம் வீடுகளில் எச்சில் தட்டைச் சட்டென்று கண்ணிலிருந்து மறைத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. கல்யாணத்தில்கூடச் சாப்பிட்டு முடித்ததும் இலையை மூடிவிடுகிறோம். மூடிய இலைக்குள் எத்தனை மிஞ்சியது, எது பிடிக்கவில்லை என்பது இலை எடுக்கிறவர்களுக்குத் தெரியும், அடுப்படியில் நிற்கிறவனுக்குத் தெரியாது. எத்திராஜ் இத்தனை வருஷம் அடுப்படியில் மட்டும் நின்றவன். மறுநாள் அவன் வேலைக்குத் திரும்பிவந்து பழையபடியே சமைத்தான், மதியம் அவனை வலுக்கட்டாயமாகத் தட்டு கழுவுகிற குழாயடியில் நிற்க வைத்தேன். தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஜோசப் சாரின் பீன்ஸ் வரிசை வந்தது, உருண்டையாகக் காய்ந்த சாதம் வந்தது, கடிபட்டுத் துப்பிய கேரட் வந்தது. அவன் குந்தியபடி, மிச்சத்தைக் கொட்டுகிற வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒருத்தரும் சொல்லலியேம்மா," என்றான். எங்கள் மேல்தான் அவனுக்கு வருத்தம். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

குரூப்பில் அப்புறம் நடந்ததைப் பார்க்க நீ இல்லை, அதனால் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்த தட்டுகளின் படம் போன முதல் நாள் ஒரு பூங்கொத்தும் வரவில்லை. இது என்ன அசிங்கம் என்று துபாய் மகள் கேட்டாள். சித்ரா பயந்துபோய் நிறுத்திவிடலாமா என்றாள், நான் விடவில்லை. அவரவர் தட்டுக்கு மேல் பேர் எழுதிய சீட்டு வைக்கச் சொன்னேன். இரண்டொரு நாளில் அதே துபாய் மகள் போன் செய்தாள், அம்மா தட்டில் தினமும் முட்டை அப்படியே இருக்கிறதே, ஏன் என்று. அதற்கப்புறம்தான் அந்த அம்மாவின் வாயைப் பார்த்தோம், கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டு ஈறெல்லாம் வீங்கியிருந்தது. பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். எத்திராஜ் அவருக்கு முட்டையைப் பொடிமாஸாக்கிப் பருப்பில் கலந்து கொடுக்கிறான், தட்டு காலி. தூரத்திலிருந்து ஒரு மகள் தன் அம்மாவுக்குச் செய்த உபகாரத்தில் இதைவிடப் பெரியது என்ன இருக்கிறது. இப்போது ரசம் திரும்பிவிட்டது, மோர் திரும்பிவிட்டது, சாதம் குழைகிறது, பீன்ஸ் பாசிப்பருப்போடு சேர்ந்து மசிந்து நிறம் கெட்டுப்போய் வருகிறது. கீரை கறுப்பாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றின் மேலும் கொத்தமல்லி தூவுவதை மட்டும் எத்திராஜ் விடமாட்டேன் என்கிறான், தூவிக்கொள்ளட்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே குரூப்பில் சேர்ந்து தினமும் தட்டு எண்ணத் தொடங்கிவிடாதே. காலித் தட்டை நம்பி ஏமாந்தவள் நான். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது டிபன் பாக்ஸ் தினமும் கழுவி வைத்தது போல வரும். என் பிள்ளை எவ்வளவு சமத்து என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு உன்னை அழைக்க வந்தபோது, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஒரு செவலை நாய் கொழுகொழுவென்று உன்னைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது. என் தயிர் சாதம் எல்லாம் அதன் வயிற்றில்தான் இருந்தது. செக்கர் வீட்டிலேயே இந்தக் கதை என்று உன் அப்பா சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. இங்கேயும் அப்படித்தான் நடந்தது. சித்ரா மனம் நோகக்கூடாது என்று ஜோசப் சார் தன் சப்பாத்தியை என் தட்டில் நழுவவிடுவார், நான் சாப்பிட்டுவிடுவேன், படத்தில் இரண்டு தட்டும் காலி. கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அது தெரியும். இப்போது சித்ராவும் மதியம் எங்கள் மேஜையிலேயே தட்டை வைத்துக்கொள்கிறாள். மெதுவாகச் சாப்பிடுகிறவர்களின் தட்டை அவசரப்பட்டு எடுக்காதே என்று தட்டு கழுவுகிற பெண்ணிடம் அவளே சொல்கிறாள், தனக்கும் அந்த அவகாசம் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை இப்போதும் சீக்கிரமே முடித்துவிடுகிறார்கள், விடிவதற்குள் வயிறு கூவுகிறது, படுக்கப் போகும்போது ஒரு தம்ளர் பாலாவது வேண்டும் என்று போராடிக்கொண்டிருக்கிறேன். உப்பு குறைக்க வேண்டியவருக்கும் வேண்டாதவருக்கும் ஒரே குழம்பு என்பதில் எனக்கும் எத்திராஜுக்கும் தினமும் வாக்குவாதம். வாராவாரம் வருகிற டாக்டர் என்னை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, முள் இப்போது நல்ல பக்கமாக நகர்கிறது என்றார். எவ்வளவு என்று உனக்குச் சொல்லமாட்டேன், நீ அதை எக்செல்லில் போட்டு கிராஃப் வரைந்துவிடுவாய். நான் உன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. அன்றைக்கு நீ போட்ட சத்தம் இல்லாவிட்டால் எத்திராஜ் கோபித்துக்கொண்டு போயிருக்கமாட்டான், கூழும் வந்திருக்காது. உன் கோபம் எனக்காக வந்தது என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்து ஹாலிலேயே எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நீ கோபப்பட்ட ஆள் தப்பு. எத்திராஜிடம் ஒரு வார்த்தை பேசிவிடு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவன் ரசத்தைக் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேள், அவனுக்குப் புரிந்துவிடும்.

ஆவணி பிறந்ததும் என்னைக் கூட்டிப்போக வராதே, சாப்பிட வா. சொல்லாமல் வா, மதியம் வா, அந்த பைபாஸ் நெரிசலுக்குப் பயந்து சாயங்காலத்துக்கு ஒத்திப்போடாதே. ஆப்பிள் வேண்டாம், அதைக் கடிக்க இங்கே யாருக்கும் பல் இல்லை, எல்லாம் சித்ராவின் பையனுக்குத்தான் போகிறது. வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார். பசியோடு வா. உன் நண்பர்கள் யாராவது அவர்கள் அப்பா அம்மாவுக்கு இப்படி ஓர் இடம் தேடினால், ஏசி எத்தனை, டிவி எத்தனை அங்குலம் என்று பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம், ஒரு மதியம் முழுக்க அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கச் சொல். தண்ணீர் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா, யாராவது யாரிடமாவது பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்களா, பக்கத்தில் இருக்கிறவருக்குப் புரையேறினால் யார் முதலில் எழுந்து வருகிறார்கள் என்று பார்க்கட்டும். என்னிடம் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதை நிறுத்து. இன்றைக்கு என்ன மிச்சம் வைத்தாய் என்று கேள். உண்மையைச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை இப்போது, நன்றாகப் பசி எடுக்கிற காலத்திலேயே சொல்லிவிடுகிறேன். குரூப்பில் போடும்போது இந்தப் பக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று முதலில் நினைத்தேன், அப்புறம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவைப்படும் என்று தோன்றியது. ஒருநாள் எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று ஆகிவிடும். ரசம் நன்றாக இருக்கும், சாதம் குழைந்திருக்கும், பல் வலிக்காது, எல்லாம் சரியாக இருக்கும், இருந்தாலும் வேண்டியிருக்காது. அன்றைக்கு எத்திராஜைத் திட்டாதே, சித்ராவோடு சண்டைக்குப் போகாதே. அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது நீ கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் தலைமாட்டில் நின்றாய். "ஒரு வாய்ப்பா, ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாய். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். நீ சாப்பிட்டு எத்தனை வேளை ஆயிற்று என்பதே உனக்கு நினைவில்லை, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. அப்பா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு என் காதில் சொன்னது ஒன்றுதான், "மொதல்ல அவனைச் சாப்பிடச் சொல்லு." நான் உன்னிடம் சொன்னேன். அப்புறம் சாப்பிடுகிறேன் என்றாய். கடைசியில் நீ அடுக்களையில் நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாய். அதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அதனால் என் முறை வரும்போது கிண்ணத்தை என் வாய்க்கு நேரே கொண்டுவராதே பாபு. எத்திராஜிடம் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு வா, என் கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார், நன்றாகப் பிசைந்து, அவசரப்படாமல், என் கண்ணுக்கு எதிரில் வயிறாரச் சாப்பிடு.

அம்மா